உப்ப மறுத்த செருப்பு

கெட்டிக்காரி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு திரிபவள் சறுக்கி விழும்போதுதான் பார்க்கச் சுவையாக இருக்கும். நான் விழுந்தபோது எங்கள் தவுக்கே என்கிற சீன முதலாளி, மேனேஜர், என்னைப் பெற்ற அப்பா மூவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். அப்படி நிற்க வைத்ததும் நானேதான்.

குருண் என்ற ஊரில் செருப்பு செய்யும் தொழிற்சாலை எங்களுடையது (எங்களுடையது என்றால், நான் அங்கே சம்பளம் வாங்குகிறேன்). நுரை அட்டைகளை வெளியில் வாங்கி, வெட்டி, வார் மாட்டுவதுதான் வேலை. வேதியியல் படித்துவிட்டு அட்டையின் தடிமனை அளந்துகொண்டிருந்த நான், அட்டையை நாமே செய்யலாம் என்று தவுக்கேயை நச்சரித்தேன். தொல்லை தாங்காமல், "ஒருமுறை செய்து காட்டு. வராவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று மலாயில் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் மணிகளோடு புளோயிங் பவுடர் என்ற மஞ்சள் மாவைக் கலந்து பிசைந்து, அச்சில் அடைத்து, சூடான பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். சூட்டில் அந்த மாவு வாயுவாக மாறும். பிரஸ் திறந்ததும் அட்டை உப்பிக்கொண்டு அச்சை விட்டே துள்ளி வெளியே வரும். மஞ்சள் நிறமும் போய் வெள்ளையாகிவிடும்.

விஜயதசமியன்று செய்து காட்டுவதாகச் சொன்னேன். முந்தின நாள் மாலை எங்கள் ஆட்கள் ஆயுத பூஜை போட்டார்கள். சுண்டலோடும் பூஜைச் சாமான்களோடும் அம்மாவும் வந்திருந்தார். எல்லோரும் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், கத்திரி என்று வைத்தபோது, நான் நிறுத்து வைத்திருந்த புளோயிங் பவுடர் பையை வைத்தேன். பக்கத்திலேயே, அம்மா பிள்ளையார் பிடித்தது போக மீதி மஞ்சள்தூள், அதே மாதிரி பிளாஸ்டிக் பையில்.

"பேரு எழுதி ஒட்டிரு லா, தங்கச்சி" என்றார் பிரஸ் ஓட்டும் சாந்தியக்கா.

"கண்ண மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிருவேன்க்கா" என்றேன். (கண்ணைத் திறந்துகொண்டே கோட்டை விட்டேன்.)

மறுநாள் காலையில் அம்மா அப்பாவோடு வந்து தீபம் காட்ட, நான் என் பையை எடுத்துக்கொண்டேன். அம்மா மீதியைக் கட்டிக்கொண்டு அண்ணனின் கெரெத்தாவில் ஏறி, பாடாங் செராயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா மட்டும் இருந்தார். வாழ்நாளெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகள் பிளாஸ்டிக்கை உப்ப வைக்கப்போகிறாள் என்று காப்பிக் கடை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் பாத்தேக் சட்டையில் வந்திருந்தார். என் மானத்தோடு அவர் மானமும் சேர்ந்து அந்த அச்சுக்குள் போயிற்று.

தூசு ஆகாது என்று முகமூடி போட்டிருந்ததால் எனக்கு வாசனை தெரியவில்லை. பிசைந்த மாவு வழக்கத்தைவிடப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அம்பாளின் அருள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் பின்னால போங்க. அட்டை பாயும். அடிபட்டா நான் பொறுப்பில்ல" என்று அறிவித்தேன். தவுக்கே ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். சாந்தியக்கா பிரஸ்ஸைத் திறந்தார்.

எதுவும் பாயவில்லை. பொரிக்காத அப்பளம் மாதிரி ஒரு மஞ்சள் அட்டை அச்சோடு ஒட்டிக் கிடந்தது. கூடம் முழுக்க ரச வாசனை.

"பாய்ந்துவிட்டதா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து தவுக்கே கேட்டார்.

அப்பா எட்டிப் பார்த்து, "நல்ல கலரும்மா" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அப்போது அம்மாவிடமிருந்து போன். இயந்திரச் சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னாடி இந்த மஞ்சத்தூளு, வாசமே இல்ல? மீனுல தடவிட்டேன். எண்ணெய காய வச்சிருக்கேன்."

"அம்மா, அடுப்ப அணைங்க. மீன குப்பையில போடுங்க. கைய நல்லா கழுவுங்க."

"மீனு நல்லாத்தானடி இருக்கு?"

"மீனு நல்ல மீனுதான். மஞ்சத்தூளுதான் மஞ்சத்தூளு இல்ல."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எந்த முதலாளியிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், நேராகத் தவுக்கேயிடம் போய்த் தன் தோட்டத்து மலாயில் பேசினார். மகள் மாவைச் சாமியிடம் கொடுத்தாள், சாமி பை மாற்றிக் கொடுத்துவிட்டது, இன்னொரு தடவை பாருங்கள் என்றார். தவுக்கே வயிறு குலுங்கச் சிரித்தார். "சாப்பிட்டுவிட்டு வருகிறேன். இந்தத் தடவை சாமியைக் கூப்பிடாதே" என்றார்.

புதிதாக மாவை நிறுத்து, பையில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதினேன். இனி எங்கே பாயப்போகிறது என்று தவுக்கே பிரஸ்ஸுக்கு நேரெதிரே வந்து நின்றார். பிரஸ் திறந்தது. வெள்ளை வெளேரென்று ஓர் அட்டை துள்ளிக் குதித்து அவர் வயிற்றில் மோதியது. பிள்ளையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

இன்று எங்கள் தொழிற்சாலையில் வெளி அட்டை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் என் கலவை. இதில் எனக்குத் தன்னடக்கம் துளியும் இல்லை.

அம்மா இன்றைக்கும் மஞ்சள்தூளைத் திறந்தால், "இது கொழம்புக்கா, செருப்புக்கா?" என்று கேட்காமல் போடுவதில்லை.

அப்பா வெள்ளை அட்டையில் செய்த ஜோடியை என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். போட்டுக்கொண்டு நடப்பது அந்த மஞ்சள் அப்பளத்தை. சாந்தியக்காவிடம் சொல்லி வெட்டி, வார் மாட்டி வாங்கிக்கொண்டார். கல் மாதிரி இருக்கும். மழையில் நனைந்தால் பாதம் மஞ்சளாகிவிடும். யாராவது கேட்டால் காலைத் தூக்கிக் காட்டி, "எம்மவ செஞ்ச மொத செருப்பு" என்பார். கோயில் வாசலில் எத்தனையோ பேர் செருப்பு காணாமல் போயிருக்கிறது. அப்பாவுடையதை மட்டும் இதுவரை யாரும் தொட்டதில்லை.

"அவ்வளவு மரியாத" என்கிறார் அப்பா.