மாமா தேய்த்த தட்டு

பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கூட்டம் சிரித்தால் அது தன் பேச்சுக்குத்தான் என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி தெளிந்தது நியூஜெர்சியில், ஒரு மியூசியத்தில்.

அப்போது பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தோம். கணவரின் விசாவை ஒட்டி வந்தவள் என்பதால் எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லை. ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டையே பார்த்து, எந்த கார் யாருடையது என்று மனப்பாடமாகிவிட்டது. (யாராவது புது கார் வாங்கினால் எனக்குப் பண்டிகை.) அந்த நிலையில்தான் பக்கத்து ஊர் மியூசியத்தில் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்தேன். விளக்கிச் சொல்ல எனக்குக் கொடுத்தது பழைய ஆங்கிலேய வெள்ளிப் பாத்திரங்கள். முட்டைகூடத் தொடாத நான், மீன் பரிமாறும் கரண்டியைப் பற்றி உருக்கமாகப் பேசப் பழகினேன்.

முதல் நாள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் என்னை வைத்துக்கொள்வதா என்று நிர்வாகி மார்கரெட் முடிவு செய்வார். திருச்சியிலிருந்து வந்திருந்த மாமனாரும் கூட வந்தார். வீட்டு வெள்ளிச் சாமான்களை யாரையும் தொடவிடாமல் தானே தேய்த்து வைக்கிறவர்.

எல்லாப் பாத்திரங்களும் கண்ணாடிக்குள் இருந்தன. ஒரே ஒரு தட்டு மட்டும், வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக மேஜைமேல் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று, வேலைப்பாடுகளுக்குள் படிந்த கருமைதான் இவற்றின் வயது, அதுதான் அழகு என்று விளக்கினேன். கூட்டம் புன்னகைத்தது. குரலை ஏற்றினேன். சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். (முதல் நாளே இவ்வளவா என்று கூச்சமாகக்கூட இருந்தது.) அப்போதுதான் மார்கரெட் வெளிறிய முகத்தோடு என்னைத் தாண்டி ஓடினார்.

திரும்பினேன். மாமா சட்டைப்பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தைத் தட்டில் கொட்டி, கர்ச்சீப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதித் தட்டு பளபளத்தது.

“மாமா, என்ன பண்றீங்க?”

“எப்படிக் கறுத்துக் கெடக்கு பாரும்மா. நீ வேலை பாக்கற எடம், நாலு பேர் வர்றாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இது வெள்ளி இல்ல. செம்பு தெரியுது. இவங்களை யாரோ ஏமாத்திட்டாங்க. அந்தம்மாகிட்ட பக்குவமா சொல்லு.”

நடுவில் சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்த்தது. அவர் என்ன சொல்கிறார் என்று மார்கரெட் கேட்டார். மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். செம்புமேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்திய விலை குறைந்த தட்டு அது, அதனால்தான் வெளியே வைத்தோம் என்றார் மார்கரெட். மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். தெரிந்தேவா வாங்கினார்கள் என்று மார்கரெட்மேல் பரிதாபப்பட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

“உன் வேலைக்கு உலை வெச்சுட்டேனாம்மா?” என்றார் மாமா, ரொம்ப மெதுவாக.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் அழ முடியவில்லை.

மார்கரெட் என்னை அனுப்பவில்லை. ஓவியப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே தேய்க்க ஒன்றுமில்லை. தட்டு கண்ணாடிக்குள் போனது; அதிகமாகத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக, அப்படியே எழுதியும் வைத்தார்கள். படம் எடுத்து, ஊர் திரும்பிவிட்ட மாமாவுக்கு அனுப்பினேன். அவர் எழுத்தைப் படிக்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தார். அமெரிக்க மியூசியத்தில் தன் கைவேலை ஒன்று இருப்பதாகத் தெருவுக்கே சொல்லிவிட்டார். வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும் இன்றைக்கும் “மியூசியத்துக்கு அனுப்பிடு” என்பதுதான் பேச்சு.

போன வருஷம் மாமா தவறிப்போனார். துக்கம் கேட்க வந்த கூட்டத்தில், தெரியாத பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, அவர் செய்த பொருள் அமெரிக்காவில் இருக்கிறதாமே, நிஜமா என்று கேட்டார். என் கணவர் அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆமாங்க,” என்றேன். “யாரையும் தொட விடறதில்ல.”