நாற்பத்தொரு கார்கள்

மாஸ்கோவில் டாக்சி ஓட்டும் அன்பு மகன் மிர்லானுக்கு, நம் மலையூர் அத்-பஷியிலிருந்து சித்தப்பா ஓமுர்சாக் எழுதுவது. மற்ற விசாரிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்வோம். உன் அப்பா உயிரோடு இருக்கிறார். சத்தியமாக இருக்கிறார். நீ புறப்பட வேண்டாம்.

நேற்று போனில் இதையேதான் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க சித்தப்பா. அடக்கம் என்னிக்கு, அத மட்டும் சொல்லுங்க" என்றாய். உன்மேல் தப்பில்லை. நம்மில் யார் சாவை நேராகச் சொல்கிறோம்? "உடம்பு சரியில்லை, உடனே வா" என்போம். வந்தவன் வாசலில் தெரிந்துகொள்வான். உன் தாத்தா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் உனக்கு வந்த செய்தியை அனுப்பியது மனிதன் இல்லை, நான் எழுதிய கணினி நிரல். அதை நீ புரிந்துகொண்டால்தான் நம்புவாய், அதனால் பொறுமையாகக் கேள்.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நம் குடும்பத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்தேன் அல்லவா, அதில் உறவினர் பட்டியல் ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவர் முதலில், தூரத்தில் இருப்பவர் கடைசியில். அவசரம் என்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அது மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, கார் உள்ள முதல் ஆளுக்கு 'அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா' என்று செய்தி அனுப்பிவிட்டு நிற்க வேண்டும். பட்டியல் முழுக்க நடக்க 'ஃபார்ஈச்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டேன். நிறுத்த 'பிரேக்' என்று எழுதினேன், பிழை என்று கத்தியது. 'ரிட்டர்ன்' என்று எழுதினேன், சத்தமே இல்லை. ஒத்துக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். ஒரே ஒரு பெயரை வைத்துச் சோதித்தேன், அழகாக நின்றது! ஒரு பெயர்தானே, நிற்காமல் எங்கே போகும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். நாரின் நகரத்துக்குப் போகும் வேனில் போகிறாய். நடுவில் உன் ஊரில் நீ இறங்குகிறாய். அதனால் வேன் நின்றுவிடுமா? அது பாட்டுக்குக் கடைசி நிறுத்தம் வரை போகும். ரிட்டர்ன் என்பது இறங்குவது, அவ்வளவுதான்.

செவ்வாய் மதியம் அண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பொத்தானை அழுத்தினேன். முதல் பெயர் பக்கத்து வீட்டுச் சாபர். அவன் உடனே காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான், அதோடு வேலை முடிந்திருக்க வேண்டும், ஆனால் அவன் காரை நிறுத்திவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ என் மலையே, கோவத்தோடயே போயிட்டியே!" என்று அழ ஆரம்பித்தான், நான் அவன் வாயைப் பொத்துவதற்குள் பின்னால் இன்னொரு கார், அதன் பின்னால் இன்னொன்று, சந்து முழுக்கக் கார், மொத்தம் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றிலிருந்தும் இறங்குகிறவன் இறங்கும்போதே அழுகிறான், முற்றத்தில் நாலு பேர் சாவுக்கான கம்பளிக் கூடாரத்தை முக்கால்வாசி நிறுத்திவிட்டார்கள், குல்சாய்ரா அத்தையின் வீட்டுக்காரர் லாரியில் வெட்டுவதற்கு ஒரு குதிரையையே கொண்டுவந்துவிட்டார்.

உள்ளே அண்ணன் கேட்டார்: "யாருடா செத்தது?"

"யாருமில்லண்ணா."

"அப்ப சாபர் ஏன் அழறான்? அவன் எங்கூடப் பேசி மூணு வருசமாச்சே."

"தப்பா ஒரு செய்தி போயிடுச்சுண்ணா."

அத்தை வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஆள் உயிரோடு இருப்பதைக் கண்டு, கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரியே, "அப்ப மச்சான், இந்தக் குதிரைய என்ன பண்றது?" என்றார்.

"கட்டி வை" என்றார் உன் அப்பா. "ரொம்ப நேரம் ஆகாது."

எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

சாபரின் கார் வாசலோடு ஒட்டி நின்றது, வெளியே எடுக்க வழியில்லை. கடைசியாக வந்தவன் முதலில் நகர்ந்தால்தான் மற்றவர்கள் நகர முடியும். இதை எத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்! கடைசியாக வந்தவனோ காரைப் பூட்டிக்கொண்டு முல்லாவை அழைக்க நடந்தே போயிருந்தான். வழி கிடைக்க ஒரு மணி இருபது நிமிடம், மகனே. உன் அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாள். நாரின் ஆஸ்பத்திரி டாக்டர், "இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கு நடுவில் நிறுத்தத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். சூப்பில் உப்பில்லை என்று நர்ஸைத் திட்டினார். அந்த அறையில் போனுக்கு அனுமதி இல்லை, அதனால்தான் உன்னிடம் பேசவில்லை. பட்டியலில் கடைசிப் பெயர் நீ. டாக்சி ஓட்டுகிறாய் என்பதால் 'கார் உண்டு' என்று நான்தான் போட்டிருந்தேன். உன் மாஸ்கோ குடியிருப்புப் பதிவுச் சிக்கல் தீர இன்னும் பதினொரு நாள், நடுவில் கிளம்பினால் திரும்ப நுழைய விடமாட்டார்கள் என்று நீயே சொன்னாய். ஆகவே வராதே. நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது 'சம்' என்பதைப் போட்டிருக்கிறேன், முதல் 'ஆம்' கிடைத்ததும் அது நின்றுவிடும். பத்துப் பெயர் வைத்துச் சோதித்தேன்.

உன் சக்கரங்கள் பனியில் வழுக்காதிருக்கட்டும், உன் காகிதங்களில் முத்திரை சீக்கிரம் விழட்டும் என்று வாழ்த்தும் சித்தப்பா,
ஓமுர்சாக்.

பின்குறிப்பு: அனுப்பப் போகும் நேரத்தில் உன் அம்மா நாரினிலிருந்து பேசினாள். மேலே எழுதியதை விட்டுவிடு. இதைப் பொத்தான் அனுப்பவில்லை, உன் ஒருவனுக்கு மட்டும் நானே எழுதுகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மகனே. உடனே வா.