விண்வெளி ரிசர்வ் படையும் விஸ்வநத்தம் முருகேசனும்

பத்தொன்பது பேரைக் கொன்றுவிட்டு நான் திருத்தங்கலிலிருந்து சிவகாசி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி. பதினோரு மணி வெயில். மதுரைக்கு எந்த பஸ் முதலில் வந்தாலும் ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். (அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே திட்டம் எப்போதும் இதுதான். ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.)

கொன்ற ஆயுதம் ஒரு பால்பாயின்ட் பேனா.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள் நான். ஈரோட்டில் ஹோட்டலில் மாவாட்டினேன். தூத்துக்குடியில் உப்பு சுமந்தேன். பிறகு லாரியில் கிளீனராக ஏறினேன். அந்த லாரி திருத்தங்கலில் பழுதாகி நின்றது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போன டிரைவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காமல், எதிரே இருந்த அச்சகத்தில் பேப்பர் பண்டல் இறக்கப் போனேன். அந்தப் பண்டல்கள் மேலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் அதுவரை படுத்ததிலேயே உசத்தியான மெத்தை அதுதான். ஆர்ட் பேப்பர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தீபாவளி சீசன். கிஃப்ட் பாக்ஸில் வைத்துக் கொடுக்க ஒரு விண்வெளிக் கதை வேண்டும், பதினாறு பக்கம் போதும் என்று ஒரு பட்டாசுக் கம்பெனி ஆர்டர் கொடுத்திருந்தது. எழுத வேண்டியவர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். வேஸ்ட் பேப்பரை எல்லாம் எடுத்து நான் வாசிப்பதை அச்சக முதலாளி அண்ணாச்சி பார்த்திருக்கிறார்.

"ஏலே, கதை எழுதுவியா?"

"எழுதுவேன் அண்ணாச்சி."

"முன்ன பின்ன எழுதியிருக்கியா?"

"நெறைய."

(வீட்டுக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தேன். அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.)

சனிக்கிரகத்துக்குப் பக்கத்தில் பூமியின் விண்படை தோற்றுப்போகிறது, ரிசர்வ் படை கிளம்பிப் போய் ஜெயிக்கிறது. கம்பெனி கேட்டது இவ்வளவுதான். ரிசர்வ் படை என்றால் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்து, போர் வந்தால் மட்டும் கப்பலேறுகிற சாதாரண ஜனங்கள் என்று அண்ணாச்சி விளக்கினார். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சீசன் சூடுபிடித்தால் அந்த வட்டாரத்தில் டெய்லர், பால்காரர் எல்லோரும் பட்டாசு வேலைக்குப் போவார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் ஊர் ஊராக ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டு போகும். என் விண்கப்பலும் எம். புதுப்பட்டிக்கு மேலே வந்து நின்று ஹாரன் அடித்தது. வீரர்கள் தூக்குவாளியோடு ஓடிவந்து ஏறினார்கள்.

பத்தொன்பது வீரர்களுக்குப் பெயர் வேண்டும். பைண்டிங்கில் வேலை பார்க்கும் பெண்களின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்கள் ஜன்னலில் வரிசையாக இருந்தன. எல்லாம் சீர் வரிசையில் வந்த பாத்திரங்கள். கொடுத்தவர் பெயரோ புருஷன் பெயரோ ஊரோடு, இனிஷியலோடு வெட்டியிருந்தது. அப்படியே பார்த்து எழுதினேன். "பீரங்கி அதிகாரி ம. முருகேசன், விஸ்வநத்தம்." கேட்கவே கம்பீரமாக இருந்தது.

பதினான்காம் பக்கத்தில் வாசகன் அழ வேண்டும் என்று ஆசை வந்தது. எதிரியின் தலைமைக் கப்பலோடு நம் கப்பலையும் மோதி வெடிக்க வைத்தேன். பத்தொன்பது பேரும் காலி. எழுதி முடித்துவிட்டு நானே கொஞ்சம் அழுதேன்.

பட்டாசு ஊரில், பட்டாசு வேலைக்குப் போகிற ஆட்களின் பெயரைப் போட்டு, வெடித்துச் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறோமே என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. (அங்கே அப்போது சனிக்கிரகம் இருந்தது.)

அச்சாகி வந்த தாள்களை மடித்துக்கொண்டிருந்த சந்தனமாரி அக்காதான் முதலில் பார்த்தார்.

"ஏத்தா, இங்கன பாருங்க! எங்க வீட்டுக்காரரு பேரு போட்டிருக்காக!"

எல்லோரும் ஓடிவந்து அவரவர் பெயரைத் தேடினார்கள். ஒரே சிரிப்பு. பாராட்டை வாங்கிக்கொள்ள நானும் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா தாளைத் திருப்பினார். பதினான்காம் பக்கம்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவரு இந்நேரம் வெடிமருந்து ரூம்ல இருப்பாருய்யா" என்றார் அக்கா. மடித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் விஸ்வநத்தத்தில் வேன் ஹாரன் அடித்தபோது அக்கா வீட்டுக்காரரை ஏறவிடவில்லை. நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், இந்த சீசன் முழுக்க வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான் என்று பட்டாசுக் கம்பெனி போர்மேன் சொல்லியனுப்பினார். இதைக் கேள்விப்பட்டுத்தான் நான் பையை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரத்தில் ஒரு டி.வி.எஸ். மொபெட் என்னை உரசிக்கொண்டு வந்து நின்றது.

"என்னையக் கொன்ன ஆளு நீதானாலே?"

"நீங்க..."

"விஸ்வநத்தம் முருகேசன்."

காலில் விழுவதா, ஓடுவதா என்று யோசித்தேன்.

"ஏறு."

"எங்கண்ணே?"

"ம்? செத்தவனுக்கு உசுரு கொடுக்கத்தான்."

ஏறினேன். என் பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பிறகு அவர் திரும்பாமலேயே கேட்டார். "பீரங்கி அதிகாரின்னா போர்மேனுக்கு மேலயா, கீழயா?"

"மேலண்ணே. எவ்வளவோ மேல."

"அதை மட்டும் மாத்திராத."

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினார். "அவ அழுதா எனக்குக் கை நடுங்கும்லே. கை நடுங்குற ஆளு மருந்து கலக்கப்பிடாது. நீ கதையை மாத்துனாத்தான் அவ நிப்பாட்டுவா."

அச்சகத்தில் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மறுபடி அச்சடிக்கப் பேப்பர் இல்லை, நாளை சாயங்காலம் லோடு ஏற வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் பிழை திருத்தம் அடித்து ஒட்டிவிடலாம் என்று முடிவானது.

"கப்பல் வெடிக்கவில்லைன்னு போட்டுறலாமா?" என்றேன்.

"வெடிக்கலேன்னா எதிரி எப்படிலே சாவான்?" என்றார் அண்ணாச்சி.

"கப்பல் வெடிக்கட்டும் அண்ணாச்சி. ஆளுக உள்ள இருக்கப்பிடாது" என்றார் சந்தனமாரி அக்கா.

"போர் நடக்கும்போது எங்கக்கா போயிருப்பாங்க?"

"அஞ்சு மணி ஆயிருச்சு, வேலை விட்டாச்சுன்னு போடுங்க. வேன்ல ஏறி வீட்டுக்கு வந்துட்டாக."

அப்படியே எழுதினேன். "பிழை திருத்தம்: பதினான்காம் பக்கத்தில் கப்பல் வெடித்தபோது உள்ளே யாரும் இல்லை. ரிசர்வ் வீரர்கள் பத்தொன்பது பேரும் மாலை ஐந்து மணிக்கே வேலை முடிந்து வேனில் வீடு திரும்பிவிட்டார்கள். அனைவரும் நலம்."

உரக்க வாசித்துக் காட்டினேன். கடைசியில் உட்கார்ந்திருந்த பேச்சி கேட்டாள். "பத்தொம்பதுன்னா எங்க அண்ணனும் சேர்த்தியா?"

"ஆமா, அவரும்தான்."

அவளுடைய அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெடிவிபத்தில் போனவர், அந்த டிபன் பாக்ஸ் அவர் கொடுத்த சீர் என்று சந்தனமாரி அக்கா மெதுவாகச் சொன்னார். நான் பத்தொன்பதை அடித்துப் பதினெட்டு ஆக்கப் போனேன். பேச்சி பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். அவனும் வந்துட்டான்னே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ எழுதிவிட்டேன். இன்றைக்கும் நான் எழுத உட்கார்ந்தால், "யாரும் சாகுறாகளா?" என்று விசாரித்துவிட்டுத்தான் என் மனைவி காபி கொடுக்கிறாள். என் கதைகளில் ஐந்து மணிக்கு மேல் யாரும் வேலை பார்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் பிரசித்தம்.

"இனி நீ பேனாவைத் தொட்டே, கையை முறிச்சுப்புடுவேன்" என்றார் அண்ணாச்சி அன்று. எழுத்தாளர் வேலை அதோடு போனது. பையைத் தேடினேன். முருகேசன் அண்ணன் அதை மொபெட்டில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை சந்தனமாரி அக்கா கால் மணி நேரம் தாமதமாக வந்தார். பைண்டிங்கில் அத்தனை கைகளும் நின்றன.

"ஏறிட்டாரா?" என்றேன்.

"ஏறிட்டாரு."

கீழே உட்கார்ந்து கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். மைதா பசை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "கோணலா ஒட்டாதீக" என்றார். அன்று எட்டே கால் மணிக்கு நான் பைண்டிங்கில் பசை தடவுகிற ஆளாகச் சேர்ந்தேன்.