புருவத்துக்கு வந்த ஏட்டையா

நம் பக்கத்தில் ஒருவர் தும்மினால் போதும், வைத்தியம் சொல்ல ஓர் ஆள் முளைத்துவிடுவார். மருத்துவம் படித்திருக்க மாட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த யாருக்காவது அதே வியாதி கட்டாயம் வந்திருக்கும். குத்துக்கல்வலசையில் அவர் பெயர் தில்லைநாயகம், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு.

பக்கத்து வீட்டு ஜெயசித்ரா தென்காசி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். ஐம்பதை நெருங்கும்போது புருவம் இரண்டும் கண்மேல் இறங்கி உட்கார்ந்துவிட்டன. மனசு குளிர்ந்திருந்தாலும் முகம் சண்டைக்கு நிற்கும். ஒருநாள் கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்கள், "அந்தக் கோவக்கார அக்கா வேண்டாம்" என்று வேறு பெண்ணைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். புருவத்தைத் தூக்கும் ஆபரேஷன் செய்துகொள்வதென்று முடிவெடுத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஏட்டையாவுக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? இதென்ன கேள்வி!

"ஆபரேஷனா? இலத்தூர்ல ஒருத்திக்கு இழுத்துத் தச்சதுல தூங்கும்போதும் கண்ணு மூடல தாயி. ஐந்தருவியில போயி நெத்தியக் காட்டு, புருவம் தானா ஏறிரும்."

"அருவி மேல இருந்து கீழதான விழுது அண்ணாச்சி?"

ஏட்டையா அசரவில்லை. துபாயிலிருந்து வந்த மீன் எண்ணெய் மாத்திரையையும், தன் தலைவலிக்கு வாங்கிவைத்திருந்த ஆஸ்பிரினையும் கொண்டுவந்து வைத்தார். "தினமும் போடு, ரத்தம் தண்ணியா ஓடும். டாக்டர்கிட்ட மூச்சு விட்டுராத. எதச் சொன்னாலும் ஒரு டெஸ்ட் எழுதிருவாவ."

அவளும் போட்டுக்கொண்டே ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மதுரைக்குப் போனாள். அங்கே டாக்டர் மாஜிதா, போலீஸையும் மிஞ்சிக் கேள்வி கேட்டார். பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, கண் உலருமா? கண்ணாடி முன் புருவத்தை விரலால் தூக்கிப் பார்த்து, தொங்குவது புருவமா இமைத்தோலா என்று ஆராய்ந்தார். தழும்பு முடிக்குள் மறையும், நெற்றி கொஞ்ச நாள் மரத்திருக்கும், இரண்டு புருவமும் அச்சடித்தாற்போல் ஒன்றாக வராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், "வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"மூச்சு விட்டுராத" என்று ஏட்டையா சொன்னது ஜெயசித்ராவுக்கு நினைவு வந்தது. கத்தி படப்போவது யார் நெற்றியில்? ஏட்டையா நெற்றியிலா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க. ரெண்டுமே ரத்தக் கசிவக் கூட்டலாம். நிறுத்துங்க, அப்புறம் தேதி பாப்போம்."

ஆபரேஷன் தள்ளிப்போய், நல்லபடியாக நடந்தது. முதல் வாரம் முகம் பணியாரமாக உப்பியிருந்தது. "நான் அப்பமே சொன்னம்லா!" என்று மதிலோரம் நின்று மகிழ்ந்தார் ஏட்டையா. வீக்கம் வடிந்தது, கண் திறந்தது, கடையில் அவளைத் தேடி ஆள் வந்தது. ஏட்டையாவும் வந்தார்.

"எல்லாம் அந்த மாத்திர செஞ்ச வேல தாயி! வடகரையில ஒரு பிள்ளைக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அவளுக்கும் குடுத்திருக்கேன்."

ஜெயசித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய புருவமாக இருந்தால் அவர் அப்போதே வாசலைத் தாண்டியிருப்பார். புதிய முகமோ மலர்ந்து நின்றது. பாராட்டு என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, நான் இப்ப கோவமா இருக்கேன். முகத்தப் பாத்தாத் தெரியாது, அதான் வாயால சொல்லுதேன். அந்தப் பிள்ளைக்கு இப்பமே போனப் போடுங்க."

போட்டார். "ஏம்மா, சாப்பிடுத மாத்திரை அம்புட்டையும் டாக்டர்கிட்டச் சொல்லிரணும், கேட்டியா? என் அனுபவத்துல சொல்லுதேன்!"

சிரித்தாயிற்றா? நல்லது. இதைப் படிக்கும்போதே உங்கள் கொழுந்தியாளின் நினைவு வந்து, "அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்" என்று கை செல்போனைத் தேடியதா? கொஞ்சம் பொறுங்கள். அவள் உங்களிடம் கேட்டாளா?