அப்பா குடித்த சர்பத்

பல் பிடுங்க வேண்டியது எனக்கு. தூக்க மருந்து குடித்தது அப்பா. இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்பதாக இல்லை.

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில் தாராவியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் அப்பா கூட்டிப்போனார். ஊசியைப் பார்த்ததும் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டேன். (கடித்தது அந்தச் சொத்தைப் பல்லால். வலி எனக்குத்தான் அதிகம்.) அடுத்த முறை கிளம்பும் முன் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைத் தந்தார். அரைத் தூக்கத்தில் வருவேனாம், பயம் தெரியாதாம்.

இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். அப்பா, "ஏட்டி, இது சர்பத்து. நல்லா இனிக்கும்" என்றார்.

எந்த மருந்தையும் அப்பா முதலில் குடித்துச் சப்புக்கொட்டிக் காட்டினால்தான் நான் குடிப்பேன். வழக்கமாக ஸ்பூனை உதட்டில் வைத்து நடிப்பார். அன்று நான் விடவில்லை.

"தொண்ட அசையலியே. நெசமாக் குடிங்க."

விழுங்கினார்.

"சரியாப் பாக்கல. இன்னொருக்க."

மூன்று ஸ்பூன் ஆனது. "கொடல் வரைக்கும் காட்டணுமாட்டி ஒனக்கு?" என்று கத்திவிட்டு நாலாவதை என் வாயில் ஊற்றினார். அதை வீங்கிய கன்னத்தில் அடக்கிவைத்துத் தெருமுனைச் சாக்கடையில் துப்பினேன். (பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.)

அப்பா தோல் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர். டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்ததும் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிப்போனார். மருந்து குடித்துத் தூங்கும் பேஷண்டைத் தூக்கி வரும்படி டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த கம்பவுண்டர் பெஞ்சைப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தது ஒரே ஆள்தான். அப்பாவை அணைத்துக்கொண்டு போய் நாற்காலியில் போட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டர் முதுகைக் காட்டியபடி ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். குறட்டையைக் கேட்டு, "வாயைத் திறந்துண்டே தூங்கறதே, பேஷ்!" என்றார்.

நான் சும்மா இருந்தால் என் பல் தப்பிக்கும், அப்பாவின் பல் போகும். எனக்குக் கரும்பு உரித்துத் தரும் பல் அது. கத்திவிட்டேன்.

"எங்கப்பா பல்லு நல்லாருக்கு! சொத்த எனக்குத்தான்!"

டாக்டர் திரும்பினார். அப்பாவின் மீசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிபட்ட விரலை மடக்கிக்கொண்டார்.

"கடிக்க மாட்டேன். பொய் சொல்லாமச் சொல்லுங்க, வலிக்குமா?"

"ஊசி வலிக்கும். பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் பல்லை எடுக்கறது தெரியாது."

அப்பாவை எழுப்ப முடியவில்லை. அவர் மடியிலேயே என்னை உட்காரவைத்தார்கள். ஏக், தோ, தீன் என்று மனதுக்குள் எண்ணினேன். ஏழில் ஊசி வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கன்னம் யாருடையதோ போல ஆயிற்று. பல் வந்தது தெரியவே இல்லை. உண்மையைச் சொன்னால் எட்டு வயசுக்கும் புரியும், அவ்வளவுதான்.

அப்பா கண் விழித்ததும் தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தார். பதறிப்போய்த் தன் வாய்க்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். "ஏட்டி, இது யாருது?"

அதற்குப் பிறகு மருந்து விஷயத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. ஆனால் அந்த மூன்று ஸ்பூனை மறக்கவும் இல்லை. போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். நர்ஸ் மாத்திரையை நீட்டினாள். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு என்னைக் கைகாட்டினார்.

"மொதல்ல அவ முழுங்கட்டும்" என்றார் நர்ஸிடம். "தொண்டைய நல்லாப் பாத்துக்கிடுங்க."