சம்பந்தி விலைக்கு ஓர் அடுப்பு

கார்னியா மலை,
புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. குவால்தியேரோ அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த துயிலியோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கோட்டும் மாட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றாமல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நிவெஸும் கோழிகளும் ஒருவாறு நலம். குளிர் பரிபூரண நலம். ஊதினே நகரில் தாங்களும், சம்பந்தியம்மா பியோரென்சா அவர்களும், தாங்கள் புதிதாக வாங்கிய அடுப்பும், எல்லாருக்கும் மேலாக நம் பேத்தி லிவியாக்குட்டியும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அதை வயதின் மேல் போட வேண்டாம். தாங்கள் எனக்கு விற்ற பழைய அடுப்பின் மேல் போடவும்.

லிவியாவின் ஞானஸ்நான விருந்து தங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு ரொம்ப நன்றாகவே நினைவிருக்கிறது. அத்தனை பேர் நடுவில், பன்றித் தொடைக்கறியை முள்கரண்டியில் குத்திக்கொண்டே தாங்கள் திருவாய் மலர்ந்தீர்கள். "சம்பந்தி, உங்க வீடு நல்ல வீடுதான், நான் இல்லேங்கல. ஆனா விறகுப் புகை இருக்கே, அதைப் பச்சக் குழந்தை நெஞ்சு தாங்குமா? கிறிஸ்துமஸுக்கு லிவியா எங்ககிட்டயே இருக்கட்டும்." என் மகள் மார்சியா தட்டைப் பார்த்தாள். தங்கள் மகன் கூரையைப் பார்த்தார். அந்தப் புகையில் வளர்ந்தவள்தான் மார்சியா. ஒரு நாள் இருமியது கிடையாது. பேத்தியின் முதல் கிறிஸ்துமஸ் இந்த வீட்டில்தான் என்று அவள் பிறந்த அன்றே நானும் நிவெஸும் பேசி வைத்திருந்தோம். வாயைத் திறக்கலாம் என்று நான் ரொட்டியை விழுங்குவதற்குள் தாங்கள் அடுத்த பந்தை உருட்டிவிட்டீர்கள். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. எங்க பழைய பெல்லட் அடுப்பு, மரக் குருணையைத் தின்னு வீட்டைச் சூடாக்குறது, சும்மாதான் நிக்குது. பொத்தானை அமுக்கினா எரியும், புகைங்கிற பேச்சே கிடையாது. உங்களுக்குன்னா சம்பந்தி விலை!" காலமெல்லாம் காப்பீடு விற்ற வாய் அல்லவா? நோயையும் தாங்களே சொல்லி மருந்தையும் தாங்களே விற்றீர்கள். சம்பந்தி விலை என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. சந்தையில் ஊர் பேர் தெரியாதவனிடம் பேரம் பேசலாம், பெண்ணைக் கொடுத்த இடத்தில் பேச முடியாது, அதுதான் சம்பந்தி விலை என்று இப்போது தெரியும்.

"ரெண்டு பேர் தூக்கினா வந்துடும்" என்றும் சொன்னீர்கள். பக்கத்து வீட்டு ஓனோரியோ அவனுடைய மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தான். தங்கள் வீட்டு வாசலில் அடுப்பை அசைத்துப் பார்த்ததுமே, "டேய் துயிலியோ, ரெண்டு பேர்னாரே, எந்த ரெண்டு பேர்டா? சிம்சோனும் அவன் அண்ணனுமா?" என்று கேட்டான். தாங்கள் அப்போது உள்ளே போய்விட்டீர்கள், யாரோ போனில் கூப்பிட்டார்களாம். மலை ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆகாயத்தைப் பார்த்தது. நான் பானட்டின் மேல் உட்கார்ந்து அதை அமுக்கிக்கொண்டே வந்தேன். நான் பஸ் ஓட்டிய அதே சாலை, அதே வளைவுகள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து என் பழைய பயணிகள் எல்லாரும் கையசைத்தார்கள். வீட்டுப் படியில் பாதி ஏறியதும் ஓனோரியோவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவனை ஒரு பக்கம் படுக்கவைத்துவிட்டு, அடுப்பை மாடிப்படியின் நடுவிலேயே நிறுத்தினோம். அது அங்கேயே குடியிருந்தது. நிவெஸ் அதன் பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு போய்வந்தாள். தபால்காரம்மா அதன் தலையில் கடிதம் வைக்கப் பழகிவிட்டாள். ஓனோரியோவுக்கு நன்றிக்கடனாக என் விறகு அடுப்பைக் கொடுத்தேன். இனி விறகு எதற்கு, நாம்தான் பொத்தான் குடும்பம் ஆகிவிட்டோமே என்ற திமிர். இன்றைக்கு ஓனோரியோ அவன் வீட்டில் வெறும் சட்டையோடு உட்கார்ந்து சீட்டாடுகிறான். அவன் ஜன்னல் திறந்திருக்கிறது சம்பந்தி, டிசம்பரில், புழுங்குகிறதாம்!

ஒருவழியாக அடுப்பை மேலே ஏற்றி, சுவரில் ஓட்டை போட்டு, குழாய் மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். பன்றி அறுக்கிறாற்போல் ஒரு சத்தம். கோழிகள் கூட்டுக்குள் ஓடின. குருணையைத் தள்ளுகிற சுருள் தண்டைக் கழற்றிப் பார்த்தால், அதற்குள் தங்களுடைய படிக்கிற கண்ணாடி, ஒரு காது உடைந்து. வேலைக்கு வந்த அம்மா திருடிவிட்டாள் என்று விருந்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்தக் கண்ணாடிதான். போனில் சொன்னபோது தாங்கள், "அட, அங்கயா கெடந்துச்சு!" என்று சிரித்தீர்கள். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நிவெஸ் கேட்கச் சொல்கிறாள். நானும் கேட்கிறேன்.

அடுத்தது குருணை. இதைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் தங்கள் அடுப்பின் குணம் இதில்தான் வெளிப்பட்டது. எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் வீட்டு விறகு அடுக்கைப் பார்ப்பார்கள். என் அடுக்கைப் பார்த்துப் பாதிரியாரே பிரசங்கத்தில் உதாரணம் சொல்லியிருக்கிறார். வெட்டிய மரம் இரண்டு கோடை வெயிலும் மலைக்காற்றும் குடித்தால்தான் நெருப்புக்குப் பதமாகும், இது இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் குருணையோ, மரத்தூளை இறுக்கிக் கோழித் தீவனம் மாதிரி பண்ணி, பிளாஸ்டிக் மூட்டையில் மூச்சுத் திணறத் திணற அடைத்து வைத்திருக்கிறார்கள். தூளாக்கினாலும் மரம் மரம்தானே? எனவே மூட்டை அத்தனையையும் கிழித்து, கூரைச் சரிவுக்கு அடியில் பலகைத் தொட்டி கட்டி, அதில் கொட்டி, காலையும் மாலையும் வாருகோலால் கிளறிக் காற்று குடிக்க வைத்தேன். பார்க்கிறவர்கள் மயங்கிப்போனார்கள். "இதுலயும் உன் கைவண்ணமே தனிடா" என்றான் ஓனோரியோ. நிவெஸ் மட்டும், "ஏங்க, மூட்டைல ஈரம் படக்கூடாதுன்னு குடை படம் போட்டிருக்கே?" என்றாள். "அது ஊதினேக்காரனுக்குப் போட்ட படம்டி" என்றேன். நவம்பரில் மூடுபனி இறங்கியது, வழக்கம்போல. குருணை சற்றே உப்பியது. பதமாகிறது என்று மகிழ்ந்து ஒரு வாளி அள்ளிப் போட்டேன். தங்கள் அடுப்பு அதைத் தின்றது, இருமியது, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. திறந்தால் உள்ளே மக்காச்சோளக் களி! நிவெஸ் பொலெந்தாக் களி கிண்டுகிற கரண்டியால்தான் சுரண்டி எடுத்தேன். அன்று முதல் அவள் எனக்குப் பொலெந்தா கிண்டுவதில்லை. விளக்கப் புத்தகம் எங்கே என்று கேட்டதற்குத் தாங்கள், "அது எதுக்கு சம்பந்தி, குழந்தைகூட ஓட்டும்" என்றீர்கள். அந்தக் குழந்தையைத்தான் தாங்கள் அனுப்பமாட்டேன் என்கிறீர்களே! கொஞ்சம் பனிக்காற்று பட்ட தீனியைச் செரிக்க முடியாத நோஞ்சானை விற்றுவிட்டு, குறை என் தொட்டியில் என்கிறீர்கள்.

போன ஞாயிறு நான் விடவில்லை. குவியலின் நடுவிலிருந்து நல்லதாகப் பார்த்துச் சலித்தெடுத்துப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். சுடர் வந்தது. "நிவெஸ், வந்து பாருடி!" என்று கத்தினேன். அவள் அப்போதுதான் கோழியை மின்சார ஓவனில் வைத்திருந்தாள், துணி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. டக். வீடே இருட்டு. நம் நாட்டு மின்சார மீட்டரின் மனசு தங்களுக்குத் தெரியும், இரண்டு மெஷின் ஓடும்போது மூன்றாவது ஆள் வீட்டுக்குள் வந்தால் கோபித்துக்கொண்டு போய்விடும். எங்கள் மீட்டர் கீழே, ரோட்டோரம், பனிக்குள். செருப்போடு ஓடினேன், போட்டேன், ஏறிவந்தேன், டக். மறுபடி இறங்கினேன். புகையை வெளியே தள்ளுகிற காற்றாடி மின்சாரம் இல்லாமல் நின்றுபோனதால் அடுப்புக்குள் இருந்த புகை முழுதும், ஆமாம் சம்பந்தி, புகைங்கிற பேச்சே இல்லாத அந்த அடுப்பின் புகை, கூடத்தில் நிறைந்துவிட்டது. ஜன்னலெல்லாம் திறந்தோம். இருந்த சூடும் போயிற்று. நிவெஸ் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "கோழி சூடாகணுமா, வீடு சூடாகணுமா, ஒண்ணைச் சொல்லித் தொலைங்க. ரெண்டும் இல்லேன்னா நான் ஓனோரியோ வீட்டுக்குப் போறேன், அங்க நம்ம அடுப்பு இருக்கு." போயும் போனாள். பாதி வெந்த கோழியோடு நான் மட்டும் இருந்தேன். நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க சம்பந்தி? பேத்தியைக் கொஞ்சணும்னு ஆசைப்பட்டேன், அது ஒரு தப்பா?

இவ்வளவுக்கும் பிறகு நான் பொறுத்திருப்பேன். ஆனால் நேற்று சம்பந்தியம்மா போனில் நிவெஸிடம் பேசினார்கள். கள்ளமில்லாத மனுஷி. "அந்தப் பூதத்தை எங்க வீட்டை விட்டுத் தூக்கிட்டுப் போனாரே உங்க வீட்டுக்காரர், அவர் பேரைச் சொல்லி மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். மூணு வருஷமா அதை உதைச்சு உதைச்சு இவர் கால் வீங்குனதுதான் மிச்சம்" என்றார்களாம். வெண்ணெய் மாதிரி ஓடியது என்று விற்கும்போது தாங்கள் சொன்ன அதே மூன்று வருஷம். அதனால் இறுதியாகவும் உறுதியாகவும் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் வண்டியோடு வந்து தங்கள் பூதத்தைத் தாங்களே தூக்கிக்கொண்டு போகவும், இரண்டு பேர் போதும். ஓனோரியோவின் காலில் விழுந்தாவது என் விறகு அடுப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். லிவியாவைக் கம்பளிச் சட்டை போட்டு இங்கே அனுப்பிவைக்கவும். இல்லையென்றால் நமக்குள் சம்பந்தம் என்பது தேவாலயப் பதிவேட்டில் மட்டும்தான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்; அதைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குக் காவலான புனித லூசியா தங்கள் பார்வையைக் காப்பாற்றட்டும். உடைந்த கண்ணாடி இத்துடன் வருகிறது.

நடுக்கத்துடன்,
துயிலியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டி இரண்டு நாள் கழித்து மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று நான் சீட்டாடப் போயிருந்தபோது நிவெஸ் கடையிலிருந்து ஒரு புது மூட்டை வாங்கி வந்து, பிரித்த கையோடு நேரே அடுப்பின் வயிற்றில் கொட்டி, துவைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அவ்வளவுதான். அடுப்பு நேற்றிலிருந்து நிற்காமல் எரிகிறது. நானும் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். இதைத் தங்களிடம் சொல்வதாகவே இல்லை.

ஆனால் காலையில் மார்சியா போன் செய்தாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீடா, அவங்க வீடான்னு நீங்க ரெண்டு பேரும் இழுக்கிற இழுப்புல எங்களுக்குத் தலை சுத்துது. குழந்தைக்குக் கதகதப்பா இருக்கணும்னு ரெண்டு பேரும்தானே சொன்னீங்க? அதான் கிறிஸ்துமஸுக்கு எகிப்துல, கடற்கரையோரமா ரூம் போட்டுட்டோம். அங்க டிசம்பர்லயும் வெயிலாம்." தங்களிடம் சொல்லத் தங்கள் மகனுக்கு இன்னும் தைரியம் வரவில்லையாம். நான் சொல்லிவிட்டேன்.

நிவெஸ் தொட்டிலுக்கு விரிப்பு மாற்றி வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். வீடு முழுக்க நல்ல சூடு சம்பந்தி, கோழியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. வண்டி கொண்டுவர வேண்டாம். காரில் வாருங்கள், தாங்களும் சம்பந்தியம்மாவும், கிறிஸ்துமஸ் அன்று காலையிலேயே. சாப்பாட்டு நேரத்துக்கு அவர்கள் கடற்கரையிலிருந்து போனில் முகம் காட்டுவார்களாம். என் போனில் கண்ணாடி கீறியிருக்கிறது, குழந்தைக்கு மூக்கு இரண்டாகத் தெரியும். தங்களுடையது பெரியது, சார்ஜ் போட்டு எடுத்துவாருங்கள்.