மச்சானுக்கு ஸ்பானிய மொழி படிப்பித்த கதை

கடைக்காரர் ஒருவர் என்னிடம் விலை சொன்னால் அந்த விலை என் காதில் விழாது. அதை அவர் எந்த ஊர்த் தமிழில் சொன்னார் என்பதுதான் விழும். மனைவி கோபமாகப் பேசும்போது, வாக்கியத்தை அவள் எங்கே நிறுத்தி எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று ரசித்துக்கொண்டிருந்து, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மொழி படிப்பிப்பவர்களுக்கு வருகிற வியாதி இது. இதனால் நான் பட்ட நஷ்டம் கொஞ்சம்தான். என் மச்சான் பட்டதுதான் அதிகம். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்த கையோடு வருத்தமும் வருகிறது.

சில வருடங்களுக்கு முன், ஸ்பெயினில் படித்துவிட்டு வந்து ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் ஸ்பானியம் படிப்பிக்கிறான் என்பதே எனக்குத் தலை கொள்ளாத பெருமை. அதற்கு மேல் எனக்கென்று ஒரு கற்பித்தல் முறை வேறு வைத்திருந்தேன். வகுப்புக்குள் தாய்மொழி கூடாது. இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தப்பாகவாவது பேச வேண்டும். விளங்காவிட்டால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஊகித்துப் பதில் சொல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் பேச்சு அறுந்துபோகக் கூடாது. "தப்பு செய்யுங்கள், ஒன்றும் ஆகாது" என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். மாணவர்கள் கைதட்டுவார்கள். (பரீட்சைக்குப் புள்ளி போடுகிறவன் நான் என்பதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

என் கலா அக்காவின் கணவர் யோகராஜ் மச்சான், கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவருக்கு லொறிதான் வீடு. "எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு மட்டுந்தான் புருசன்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த நேரத்தில்தான் நுவரெலியாவில் சுற்றுலா வேன்கள் நடத்தும் நஸீர் நானா, மச்சானைக் கூப்பிட்டு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். அவரிடம் ஸ்பெயின்காரர்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும், வந்தவர்கள் சந்தோஷப்பட்டால் வேலை. அது கிடைத்தால் மச்சான் தினமும் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம்.

அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நீ ஊருக்கெல்லாம் படிச்சுக் குடுக்குற. ஒன் மச்சானுக்கும் நாலு வார்த்த சொல்லிக் குடேன். இந்த மனுசன் வீட்டுச் சோறு திங்கட்டும்."

நாலு வார்த்தை என்றது எனக்குச் சுருக்கென்றது. நான் வார்த்தை சொல்லிக் கொடுக்கிறவனா? விடுமுறை போட்டுவிட்டு மலையேறி அக்கா வீட்டுக்குப் போனேன்.

லயத்து வாசல் இஸ்தோப்பில் இரண்டு நாற்காலி போட்டு வகுப்பு ஆரம்பமானது. முதல் வேலையாக வீட்டுக்குள் தமிழைத் தடை செய்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து, சீனி போதுமா என்று விரலை ஆட்டிக் கேட்டார். மச்சான் போதும் என்று தலையை ஆட்டினார். பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள், இந்த வீட்டில் ஏதோ பெரிய சண்டை, யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று முடிவு கட்டி, சமாதானம் பேசுவதற்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவரிடமும் நான் ஸ்பானியத்தில்தான் பேசினேன். அவர் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மச்சானுக்குக் காது நல்ல காது. நான் முதலில் சொல்லிக்கொடுத்தது 'கிளாரோ' என்ற சொல். 'அதற்கென்ன, நிச்சயமாக' என்று அர்த்தம். அதை அவர் மட்ரிட்டில் பிறந்தவர் மாதிரி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முறை லயத்திலும் வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதுவதாகக்கூட மனதுக்குள் திட்டம் போட்டேன்.

கடைசி நாள் வகுப்பில் மச்சான் தடையை மீறித் தமிழில் கேட்டார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. அவங்க பேசுறது வெளங்கலன்னா, வெளங்கலன்னு எப்புடிச் சொல்றது?"

"அத மட்டும் கேக்காதீங்க மச்சான். அதப் படிச்சிட்டீங்கன்னா அதுக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்குவீங்க."

"இல்ல மாப்ள, எனக்குத் தமிழ்லயே பாதி வெளங்காது. திருப்பிக் கேட்டுட்டுத்தான் எதையும் செய்வேன். பழகிப்போச்சு."

"அந்தப் பழக்கத்தத்தான் விடணும். மொகத்தப் பாருங்க, சிரிங்க, கிளாரோன்னு சொல்லுங்க. மிச்சம் தானா வரும்."

அவர் கேட்டது இரண்டு சின்னச் சொல்: நோ என்தியெந்தோ. விளங்கவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். கொள்கை என்று ஒன்று என்னிடம் இருந்ததால் சொல்லிக்கொடுக்கவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு நானும் போனேன். முன் இருக்கையில் உதவியாள் மாதிரி உட்கார்ந்து, வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். மாணவன் தத்தளிக்கும்போது ஆசிரியர் உதவக் கூடாது என்பதும் என் முறையில் உண்டு. நுவரெலியா ஹோட்டலில் வயதான ஸ்பானியத் தம்பதி ஏறினார்கள். நீர்வீழ்ச்சி பார்த்துவிட்டு, மத்தியானம் நானுஓயாவில் எல்லவுக்கு ரயில் ஏற வேண்டும் என்பது திட்டம்.

வேன் கிளம்பியதும் அந்த அம்மா பின்னாலிருந்து கேட்டார்: ஹோட்டலில் ஒரு சின்னக் கறுப்புப் பையைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம், அதையும் வேனில் ஏற்றிவிட்டார்களா?

மச்சான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். "கிளாரோ" என்றார்.

கேள்வி எனக்குக் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு சொல் விடாமல் கேட்டது. சொல்லின் கடைசியில் வருகிற 'ஸ்' ஒலியை அந்த அம்மா விழுங்குகிறாரே, ஸ்பெயினின் தெற்குப் பக்கத்து ஆளாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சானின் பதிலுக்கு உச்சரிப்பில் முழுப் புள்ளி போட்டேன். முகத்தைப் பார்த்துப் பேசியதற்கு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். பையைப் பற்றி மட்டும் நினைக்கவேயில்லை.

நீர்வீழ்ச்சிப் பக்கம் கழிவறை இருக்கிறதா என்று அந்த அம்மாவின் கணவரான ஐயா கேட்டார். கிளாரோ. அவர் பற்றைக் காட்டுக்குள் அரைமணி நேரம் தேடிவிட்டு, காலுறை நிறைய அட்டைப்பூச்சியோடு திரும்பி வந்தார். மச்சான் கலவரமாக என்னைப் பார்த்தார். "ஒன்னும் இல்ல மச்சான், தப்பு பண்ணித்தான் படிக்கணும்" என்று மெதுவாகச் சொன்னேன். (தப்பு யாருடையது, அட்டை யாருடைய காலில் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.)

நானுஓயா ஸ்டேசனில் பெட்டிகளை இறக்கியதும் அந்த அம்மா தேடினார். கறுப்புப் பை எங்கே என்று கேட்டார்.

"கிளாரோ" என்றார் மச்சான்.

அந்த அம்மா குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். மச்சான் மறுபடியும் அதையே சொன்னார், இந்த முறை சத்தமே வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அந்தம்மா என்னா கேக்குறாங்க?"

சொன்னேன். பாஸ்போர்ட், ஐயாவின் இருதய மாத்திரை எல்லாம் அந்தப் பையில் இருக்கிறது என்று அந்த அம்மா புலம்பியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"காலையில வேன் எடுக்கும்போதும் இதத்தான் கேட்டாங்களா?"

"ஆமா மச்சான்."

"ஒங்களுக்கு வெளங்குச்சா?"

விளங்கியது என்று தலையை ஆட்டினேன். மச்சான் வேனை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் பறந்தார். அவர் பையோடு திரும்புவதற்குள் ரயில் வந்து போய்விட்டது. ஐயா வெளிறிப்போய் ஸ்டேசன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பானியத்தில் மன்னிப்புக் கேட்டேன். என் ஸ்பானியம் அருமையாக இருக்கிறது என்றார் அந்த அம்மா. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மாத்திரை போட்ட பிறகு ஐயாவுக்குச் சரியாகிவிட்டது. மச்சானே அவர்களை எல்ல வரைக்கும் வேனில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் நஸீர் நானாவிடம் போய், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், யோகராஜ நான் எதுக்கு கூப்புட்டேன்னு தெரியுமா? லொறிக்காரங்கள்ல அவரு ஒருத்தர்தான் தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுவாரு. பாஷை இல்லாட்டிப் பரவால்ல, ஆளு நம்பிக்கையான ஆளுன்னுதான் எடுக்க நெனச்சேன். இப்ப அந்த ஹோட்டல்காரங்க அவர வேணாம்னு சொல்றாங்க. நான் என்னா செய்ய?"

வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை மச்சான் லொறியில் ஏறினார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாராவது காது கொடுத்துக் கேட்காமல் தலையாட்டினால் 'கிளாரோ' என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் அக்காவை இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். அக்காவும் அட்டை கடித்த இடம், சமாதானம் பேச ஆள் வந்த இடம், எதையும் விடாமல் நடித்துக் காட்டுவார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மச்சான் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. பண்டிகை நாட்களில் கொழும்பில் மரக்கறிக்குக் கிராக்கி அதிகம் என்பதால், வீட்டில் நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் லொறியில் போய்க்கொண்டிருப்பார்.